கொண்டைக்காரர் சுனை

பெயர் கேட்டு எழுதுவது சுலபமான வேலை என்று நினைப்பவர், வீட்டில் ஒரு கல்யாணப் பத்திரிகை அடித்துப் பார்க்காதவராகத்தான் இருக்க வேண்டும். யார் பெயரை விட்டாய், யார் பெயருக்குக் கீழே என் பெயரைப் போட்டாய் என்று ஆயுசு முழுக்கக் கேட்பார்கள். நான் மனிதர்களை விட்டுவிட்டுப் பாறைக்கும் பாதைக்கும் சுனைக்கும் பெயர் கேட்டு எழுதியவன். பாறைக்குக் கோபம் வராதே, உனக்கென்ன கவலை என்று என் மைத்துனர் கேட்பார். பாறைக்கு வராதுதான். அதன் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு வரும்.

போன மாதம் கள்ளக்குறிச்சி அலுவலகத்திலிருந்து ஒரு பெண் என்னைப் பார்க்க வந்திருந்தாள். நில அளவையர், வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. இப்போது ஒரு கருவியைப் பறக்கவிட்டால் அது மலை முழுவதையும் படம் பிடித்துக்கொண்டு வந்துவிடுகிறதாம். "பாதையெல்லாம் அதுவே காட்டிடுது சார். பேருதான் வர மாட்டேங்குது. நீங்கல்லாம் எப்படி சார் பேரு வாங்குனீங்க?" என்று கேட்டாள். நடந்து வாங்கினோம் என்றேன். சிரித்தாள். டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்கு நைனார்பாளையம். பள்ளிக்கூடம் முடித்ததும் அளவைப் பயிற்சிக்குப் போனேன். சங்கிலி பிடிக்கவும், கல் நடவும், வெயிலில் கோபப்படாமல் இருக்கவும் கற்றுக்கொடுத்தார்கள். மூன்றாவதில் நான் தேறவில்லை. முதல் வேலை எலவனாசூர்கோட்டைப் பக்கம். அங்கே அண்ணனும் தம்பியும் ஒரு வரப்புக்காகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருப்பார்கள். அளக்கப் போனால் இரண்டு வீட்டிலும் மோர் கொடுப்பார்கள். இரண்டையும் குடித்தாக வேண்டும், ஒன்றைக் குடித்து ஒன்றை விட்டால் நாம் கட்சி சேர்ந்துவிட்டோம் என்று அர்த்தம். நிலத்தின் பெயர் என்ன என்றால் சர்வே நம்பரைச் சொல்வார்கள். அதனால் பெயர் கேட்கிற வேலை என்று ஒன்று இருப்பதே மலைக்குப் போகிறவரை எனக்குத் தெரியாது.

கல்வராயன் மலை நெடுங்காலம் ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. அது ஒழிந்து சர்க்கார் கைக்கு வந்த பிறகு, எது காடு, எது ஊர் என்று கோடு போட வேண்டியிருந்தது. கோடு போட்டுவிட்டால் அதற்குள் கால் வைக்க அனுமதி கேட்க வேண்டும். ஆகவே அதற்கு முன்னால், மலைக்காரர்கள் எந்தப் பாதையில் நடக்கிறார்கள், எங்கே தண்ணீர் எடுக்கிறார்கள், இறந்தவர்களை எங்கே புதைக்கிறார்கள் என்று கேட்டுப் படத்தில் குறிக்கச் சொன்னார்கள். படத்தில் ஏறியது ஊர் உரிமை, ஏறாதது காடு. வேலை அவ்வளவுதான். அதன் கனம் என்ன என்பது போகப் போகத்தான் தெரிந்தது.

விசாரணை அதிகாரியாக வந்தவர் தணிகாசலம் ஐயா. ஒல்லியான மனிதர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை, ஆனால் அவர் "அப்படியா?" என்று கேட்டால் கேட்கப்பட்டவர் சொன்னதை மாற்றிச் சொல்ல ஆரம்பித்துவிடுவார். மற்ற அதிகாரிகள் குமாஸ்தாவை எழுதச் சொல்லிவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பார்கள். இவர் தானே எழுதுவார். சாட்சி தரையில் உட்கார்ந்தால் இவரும் தரையில் உட்காருவார், சாட்சி நின்றால் நின்றுகொண்டே எழுதுவார். கொடுத்த சாமைச் சோற்றைத் தின்றுவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்பார். எனக்கு அவர்மேல் இருந்த பிரியத்தை அவரிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் "அப்படியா?" என்றிருப்பார்.

முதல் நாள் மலையில் நான் வேகமாக முன்னால் போனேன். எனக்கு அப்போது நல்ல கால். ஊர்க்காரர்கள் பின்னாலிருந்து இடது, வலது என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள். ஐயா என்னை நிறுத்தினார்.

"நீ முன்னால போறியே, உனக்கு வழி தெரியுமா?"

"தெரியாதுங்கய்யா. அவங்க சொல்றாங்க."

"நீ முன்னால போனா உனக்கு எது வசதியோ அந்த வழியில விடுவாங்க. அது உன் பாதை. பின்னால நட. அவங்க எங்க குனியறாங்க, எங்க நிக்கறாங்க, எங்க சுமையை இறக்கறாங்கன்னு பாரு. அங்கதான் பேரு இருக்கும்."

அன்றிலிருந்து பின்னால் நடந்தேன். அவர் சொன்னது உண்மை. வீட்டு வாசலில் உட்காரவைத்து அந்தப் பாதையில் என்னென்ன இடம் இருக்கிறது என்று கேட்டால், "இருக்குதுங்க, நெறய இருக்குது" என்பார்கள். ஒன்றும் பெயராது. காலால் போய்ச் சேர்ந்தால்தான் பெயர் வாயில் வரும். ஏறிவந்து இளைப்பாறுகிற பாறைக்கு மூச்சுவாங்கி. சந்தைக்குப் போய்வருகிறவளிடமிருந்து எதிரே வந்தவள் கூடையை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொள்கிற மரத்தடிக்குக் கூடைமாத்தி. செங்குத்தாக ஏறுகிற ஓரிடத்துக்கு மாப்பிள்ளைதிரும்பி என்று பெயர் சொன்னார்கள். இதென்ன பெயர் என்று கேட்டேன்.

"கீழ்நாட்டுலருந்து ஒரு மாப்பிள்ள பொண்ணு பாக்க வந்தானாங்க. இங்க நின்னுகினு மேல அண்ணாந்து பாத்தானாம். பொண்ணும் வேணாம் ஒண்ணும் வேணாம்னு திரும்பிட்டானாம்."

"பாவம் அந்தப் பொண்ணு."

"இன்னா பாவம்? அது எங்க அத்ததான். நல்லாத்தான் வாழ்ந்துச்சு. அவன்தான் இன்னா ஆனானோ."

இப்படி வாங்கிவந்த பெயர்களை அலுவலகத்தில் படம் வரைபவர் ஒருவர் திருத்தமாக எழுதித் தருகிறேன் பேர்வழி என்று மூச்சுவாங்கியை 'மூச்சு வாங்கிய பாறை' ஆக்கிவிட்டார். தணிகாசலம் ஐயா அதைப் பார்த்துவிட்டு, "பாறை எப்பய்யா மூச்சு வாங்குச்சு?" என்று கேட்டார். பிறகு எங்கள் எல்லோரையும் பொதுவாகப் பார்த்து, "அவங்க சொன்ன மாதிரியே எழுதுங்க. தமிழ் வாத்தியார் வேலை இங்க யாருக்கும் வேணாம்" என்றார். அதன்பின் ஒரு எழுத்தைக்கூட நான் மாற்றவில்லை.

இனி நாரத்தம்பட்டு. வெள்ளிமலையிலிருந்து நடந்துதான் போக வேண்டும். அண்ணன் தம்பிகள் குடும்பமாகப் பெருகி ஒரு ஊரானது. எல்லாம் ஒரே வகையறா. ஊருக்குள் ஒரு கிணறு உண்டு, மாசி முடிந்தால் அதில் சேறுதான். அப்புறம் மழை வரும்வரை, கீழே சரிவில் இருக்கிற சுனைதான் கதி. அந்தச் சரிவு, வனத்துறை போட நினைத்த கோட்டுக்கு உள்ளே வந்தது.

நான் பாதையைக் குறிக்கப் போன அன்று எனக்கு முன்னால் நடந்தவள் வெள்ளச்சி. முப்பதைத் தாண்டிய வயது. தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடம், வாய் நிறையப் பேச்சு. அவள் கணவர் கடுக்காய் மரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து படுத்திருந்தார். கீழே கொண்டுபோய் வைத்தியம் பார்த்துக் கொண்டுவந்திருந்தார்கள். "டோலி கட்டித் தூக்கிகினு போனாங்க. கச்சிராயபாளையம் போறதுக்குள்ள மூணு எடத்துல எறக்கி மூச்சு இருக்குதான்னு பாத்தாங்க. நான் பாக்கல. நான் வானத்தப் பாத்துகினே போனேன்" என்றாள். இப்போது எழுந்து உட்காருகிறார், கஞ்சி குடிக்கிறார், திட்டுகிறார்கூட என்று சொல்லும்போது அவள் நடையே மாறியது. கூட வந்த இரண்டு பெண்கள் கணவருடைய தம்பிமாரின் மனைவிகள்.

சுனை ஒரு பாறை இடுக்கு. கையை விட்டால் மணிக்கட்டு நனையும், அவ்வளவுதான் ஆழம். மொள்ள மொள்ள ஊறிக்கொண்டிருந்தது. நானும் குடித்தேன். அந்தத் தண்ணீரின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது என்றெல்லாம் பொய் சொல்ல மாட்டேன். குளிர்ச்சி மட்டும் நினைவிருக்கிறது. பெயர் என்ன என்று கேட்டேன். வெள்ளச்சி கொஞ்சம் நிறுத்தி, "கொண்டக்காரரு சுனைங்க" என்றாள். மற்ற இருவரும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். 'கொண்டைக்காரர் சுனை' என்று எழுதினேன். சிரிப்பை எழுதுவதற்குப் படத்தில் இடம் கிடையாது.

அந்த வட்டாரத்து ஊர்களுக்கான விசாரணை வெள்ளிமலையில் நடந்தது. நாரத்தம்பட்டு ஆண்கள் மனுவோடு வந்திருந்தார்கள். ஊர்த்தலைவரான ஊர்க்கவுண்டர் படுக்கையில் இருப்பதால் அவருடைய தம்பி பேசினார். கோடையில் குடிதண்ணீருக்குச் சடையன் சுனைக்குப் போகிற பாதையைத் தங்களுக்கு விட்டுவிட வேண்டும் என்று மனுவில் இருந்தது. வனத்துறை சார்பில் ரேஞ்சர் வந்திருந்தார். கெட்ட மனிதர் அல்ல, கறாரானவர். படத்தை விரித்துப் பார்த்தார்.

"சடையன் சுனைன்னு எதுவுமே இதுல இல்லையே. கொண்டைக்காரர் சுனைன்னுதான் இருக்குது. அதுக்கு யாரும் மனு கொடுக்கலை" என்றார்.

ஐயா தம்பிக்காரரைப் பார்த்தார். "கொண்டைக்காரர் சுனை எங்க இருக்குது?"

தம்பிக்காரர் திரும்பி மற்ற ஆண்களைப் பார்த்தார். அவர்கள் இவரைப் பார்த்தார்கள். "கொண்டக்காரரா? அப்பிடி ஒரு சுனையே எங்க மலையில இல்லீங்களே" என்றார், மிகவும் உண்மையாக. தன் ஊர்த் தண்ணீரைத் தானே கவிழ்த்துவிட்டது அவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது.

"மனுவுல இருக்கிற சுனை படத்துல இல்லை. படத்துல இருக்கிற சுனை ஊர்லயே இல்லையாம். நான் எதுக்குங்கய்யா பாதை விடறது?" என்றார் ரேஞ்சர். அவர் கேட்டதில் தப்பே இல்லை.

ஐயா எல்லோரையும் சாப்பிட்டு வரச் சொன்னார். என்னை மட்டும் இருக்கச் சொன்னார். நாரத்தம்பட்டுப் படத்தை மடியில் வைத்துக்கொண்டு பெயர்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் படித்தார். மொட்டையன் பாறை. கூனன் மேடு. வேடன் கல். கொண்டைக்காரர் சுனை. விரல் அங்கே நின்றது.

"மத்ததெல்லாம் 'ன்'னு முடியுது. இது ஒண்ணுக்கு மட்டும் ஏன்யா 'ர்'? சுனைக்கு எதுக்கு மரியாதை? நீ போட்டியா?"

"இல்லீங்கய்யா. அவங்க சொன்ன மாதிரியே எழுதினேன்."

"யாரு சொன்னது?"

"தண்ணி எடுக்கிற பொம்பளைங்க."

"அப்படியா?" என்றார். இந்த முறை நான் எதையும் மாற்றிச் சொல்லவில்லை. அவர் முகத்தில் சிரிப்பு வந்துகொண்டிருந்தது. "உன் வீட்ல உன் பேரைச் சொல்வாங்களா?"

என் பெயர் ஆரோக்கியசாமி. என் மனைவி லூர்துமேரி எந்த அவசரத்திலும் ஆரோக்கிய மாதாவே என்று சொல்லி நான் கேட்டதில்லை. பாதி பெயர் என்னுடையதாகிவிடுகிறதே! 'வேளாங்கண்ணித் தாயே' என்று ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் கும்பிடுவாள். கோவிலில் எல்லோரும் சேர்ந்து செபிக்கும்போது அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் வாய் மூடித் திறக்கும். மாதாவுக்கே அந்தக் கதி என்றால் சுனை எம்மாத்திரம்? இதை ஐயாவிடம் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கும் விளங்கிவிட்டது. சடையை அள்ளி முடிந்தால் கொண்டை.

ஆண்கள் திரும்பி வந்ததும் ஐயா தம்பிக்காரரிடம் கேட்டார். "உங்க ஊர்ல சடையன்னு யாராவது இருக்காங்களா?"

"எங்க அண்ணன்தானுங்க, ஊர்க்கவுண்டரு. அந்தச் சுனையில வேண்டிக்கினு பொறந்தவரு, அதான் அந்தப் பேரு."

"உங்க வீட்டுப் பொம்பளைங்க அந்தச் சுனையை என்னன்னு சொல்வாங்க?"

அவர் யோசித்தார். நிறையவே யோசித்தார். "தண்ணிக்குப் போறன்னு சொல்லுவாங்க" என்றார்.

பாவம், அவருக்கு அவ்வளவுதான் தெரியும். குடம் தூக்கி அந்தப் பாதையில் போன ஆண் ஒருவரும் இல்லை. மூத்தவர் பெயரைத் தம்பிமார் மனைவிகளும் சொல்லக் கூடாது. ஆக அந்த ஊர்ப் பெண்கள் எல்லோருக்கும் அந்தப் பெயர் வாயில் வராத பெயர். தங்களுக்குள் ஒரு பெயர் வைத்துக்கொண்டார்கள். ஆண்களிடம் அதைச் சொல்ல அவசியமே வந்ததில்லை.

ரேஞ்சருக்கும் விளங்கியது. ஆனால், "நமக்கு விளங்கினாப் போதுமாங்கய்யா? மேல கேட்டா நான் என்ன காட்டறது? ரெண்டும் ஒண்ணுதான்னு தண்ணி எடுக்கறவங்க யாராவது வாயால சொல்லணும். பதிவாகணும்" என்றார். சொல்லத்தான் வேண்டும் என்றார் ஐயாவும். மறுநாள் நாங்கள் நாரத்தம்பட்டுக்கு நடந்தோம். பின்னால்தான் நடந்தேன்.

சடையன் வீட்டு வாசலில், பலா மரத்தடியில் உட்கார்ந்தோம். ஊரே கூடியிருந்தது. சடையன் உள்ளே கட்டிலில் படுத்திருந்தார், கதவு திறந்திருந்தது. வெள்ளச்சியை முன்னால் வரச் சொன்னார்கள். அன்று என்னோடு வழி முழுக்கப் பேசிக்கொண்டு வந்தவள் இவளா என்று இருந்தது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தரையைப் பார்த்து நின்றாள். ஐயாவும் எழுந்து நின்றார்.

"கோடையில எங்கம்மா தண்ணி எடுக்கறீங்க?"

"கொண்டக்காரரு சுனையிலங்க."

"அதுக்கு வேற பேரு உண்டா?"

வெள்ளச்சி வாயைக் கையால் மூடிக்கொண்டாள்.

"ஊர் ஆம்பளைங்க அதை என்னன்னு சொல்றாங்க?"

வாயை மூடிய கை இறங்கவில்லை. ரேஞ்சர் மெதுவாக, "வேற யாராவது பேரைச் சொல்லட்டும். இந்தம்மா தலையாட்டினாப் போதும்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஐயா ஒப்புக்கொள்ளவில்லை. "தலை ஆடுறதை நான் எழுத முடியாது. நாளைக்கு யாராவது, அந்தம்மா வேண்டாம்னு தலையாட்டுச்சுன்னு சொல்வாங்க. வாயால வந்ததைத்தான் எழுதுவேன்."

பெண்கள் கூட்டத்தில் கைக்குழந்தையோடு நின்றிருந்த இளைய ஓரகத்தி ஒருத்தி அழுதுவிட்டாள். "எக்கா, ஒரே ஒரு தபா சொல்லிடுக்கா. அந்தத் தண்ணி இல்லனா கோடைக்கு இந்தப் புள்ளய வெச்சிகினு நான் எங்க போவேன்?"

உள்ளேயிருந்து சடையன் குரல் வந்தது. பலவீனமான குரல்தான், ஆனால் அதில் கேலி இருந்தது. "சொல்லிட்டுப் போயேன். பேரு சொன்னா நான் இன்னா செத்தா பூடுவேன்?"

"நீங்க சும்மா கெடங்க!" என்று கதவைப் பார்த்து ஒரு சத்தம் போட்டாள் வெள்ளச்சி. சாவு என்ற பேச்சை அவர் வாயால் கேட்டதில் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. ஐயாவிடம் திரும்பினாள்.

"சாமி, இவரு மரத்துலருந்து வுழுந்து பொழச்சி வந்துருக்காரு. புருசன் பேரச் சொன்னா அவங்க ஆயுசு கம்மியாப் பூடும்னு எங்கம்மா சொல்லிக் குடுத்துருக்குது. நெசமோ பொய்யோ எனக்குத் தெரியாது. நான் சொல்லிட்டு, நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா? தண்ணி இல்லனா எம்மாந் தூரமானாலும் போயி மொண்டுகினு வந்துடுவேன். இவர எங்க போயி மொண்டுகினு வர்றது?"

ரேஞ்சர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அவளைச் சொல்ல வைத்துவிடக் கூடாதே என்றும் இருந்தது, சொல்லாவிட்டால் குழந்தைக்காரி என்ன செய்வாள் என்றும் இருந்தது. இரண்டு பக்கமும் நியாயமாக இருந்தால் அளவுச் சங்கிலியால் என்ன செய்ய முடியும்?

ஐயா எழுதிய காகிதத்தை எடுத்து மடித்துப் பையில் வைத்தார். போச்சு, கிளம்பிவிடப்போகிறார் என்று நினைத்தேன். அவர் வேறொரு காகிதத்தை எடுத்து அட்டையில் வைத்துக்கொண்டார்.

"சரிம்மா, நான் அவசரப்பட்டுட்டேன். சாட்சி யாருன்னு முதல்ல எழுதணும், அதை விட்டுட்டேன். உன் பேரு?"

"வெள்ளச்சிங்க."

அவர் தம்பிக்காரரைப் பார்த்தார். "இந்தம்மா யாரு?"

"எங்க அண்ணிங்க. எங்க அண்ணன் சடையன் பொஞ்சாதி."

இது எல்லா விசாரணையிலும் நடப்பதுதான். பெண் சாட்சி வந்தால் கணவர் பெயரைப் பக்கத்தில் இருப்பவர்தான் சொல்வார். அப்படியே எழுதிக்கொள்வோம், அதில் யாருக்கும் ஆட்சேபணை கிடையாது. ஐயா எழுதினார். எழுதிவிட்டு ஈரம் காய ஊதினார்.

"நீ தண்ணி எடுக்கிற சுனைக்கு, ஆம்பளைங்க சொல்ற பேரு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்ங்க."

"அதை ஏன் உன்னால சொல்ல முடியலை?"

வெள்ளச்சி நிமிர்ந்து பார்த்தாள். இதற்குப் பதில் சொன்னால் ஏதாவது ஆபத்து உண்டா என்று யோசிப்பது முகத்தில் தெரிந்தது. இல்லை என்று தோன்றியிருக்க வேண்டும்.

"அது எங்க வூட்டுக்காரரு பேருங்க. அதான் நாங்க பொம்பளைங்க கொண்டக்காரருன்னு சொல்லிகினு இருக்கறோம்."

ஐயா அதை ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் எழுதினார். எழுதிய தாளை ரேஞ்சரிடம் நீட்டினார். ரேஞ்சர் மேலே ஒரு வரியில் விரலை வைத்தார். சாட்சியின் கணவர் பெயர் சடையன். கீழே ஒரு வரியில் விரலை வைத்தார். சுனைக்குச் சாட்சியின் கணவர் பெயர். மேலும் கீழும் பார்த்தார். மலைக்கு வந்ததிலிருந்து அந்த மனிதர் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன்.

"வாயால வந்துடுச்சுங்களே" என்றார்.

வனத்துறைக்கு ஆட்சேபணை இல்லை என்று அங்கேயே எழுதிக்கொடுத்தார். கோடு போட்டபோது பாதையும் சுனையும் ஊருக்கு விடப்பட்டன. படத்தில் 'சடையன் சுனை என்கிற கொண்டைக்காரர் சுனை' என்று என் கையால் எழுதினேன். சுத்தப் பிரதி எடுப்பவரிடம் அந்த 'ர்' மேல் கை வைக்கக் கூடாது என்று சொல்லிவைத்தேன். அந்தக் குழந்தைக்காரி அன்று எங்களுக்குக் கேழ்வரகுக் களி கிண்டிப் போட்டாள். ஐயா வழக்கம்போல இன்னும் கொஞ்சம் கேட்டார்.

ஆனால் நான் சொல்ல வந்தது இது இல்லை. ரேகை வாங்குவதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லத்தான் இவ்வளவும்.

வாக்குமூலம் எழுதி முடித்தால் அதைச் சாட்சிக்குப் படித்துக்காட்டி, சரி என்று அவர் ஒப்புக்கொண்ட பிறகுதான் கையெழுத்தோ ரேகையோ வாங்க வேண்டும். முக்கால்வாசிப் பேர் படிக்காமலே, படித்துக்காட்டியதாக அடியில் எழுதிவிடுவார்கள். தணிகாசலம் ஐயா படிப்பார். அன்றும் வெள்ளச்சிக்கு எதிரே நின்று, ஊர் முழுக்கக் கேட்கும்படி படித்தார். நாரத்தம்பட்டு ஊர்க்கவுண்டர் சடையன் மனைவி வெள்ளச்சி என்று தொடங்கி, கிணறு வற்றுவது, சுனை, பாதை, கொண்டைக்காரர் எல்லாம் வந்து முடிந்தது.

"சரியா இருக்காம்மா?"

மைப் பெட்டியை நான் நீட்டினேன். அவள் விரலைக் கொடுக்கவில்லை. பெண்கள் பக்கம் மறுபடி சலசலப்பு. பெயர் எழுத்தில் வந்ததே தப்பு என்று நினைத்துவிட்டாளோ?

"ஏதாவது தப்பா எழுதிட்டனா?" என்றார் ஐயா.

"இல்லீங்க சாமி. தப்பு ஒண்ணும் இல்லீங்க." அவள் கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பிறகு மிகவும் மெதுவாக, "இன்னொரு தபா படிக்கறீங்களா?" என்றாள்.

ஐயா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, கோடையில் ஊர்க் கிணறு வற்றிவிடுவதால் என்று தொடங்கினார்.

"அது இல்லீங்க. மொதல்ல ஒண்ணு படிச்சீங்களே."

ஐயா அவளைப் பார்த்தார். தாளை மேலே நகர்த்தினார். அவசரமில்லாமல், ஒவ்வொரு வார்த்தையையும் நிறுத்தி, உள்ளே கட்டிலுக்கும் கேட்கிற மாதிரி படித்தார்.

"நாரத்தம்பட்டு ஊர்க்கவுண்டர் சடையன் மனைவி வெள்ளச்சி."

"அது போதுங்க" என்று சொல்லி, கட்டைவிரலை என்னிடம் நீட்டினாள்.